நிறுத்தினால், திரும்பப் போட்டுக் கொடுங்கள்

மொபைல் சர்வீஸ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கண் தெரியாதவர்களின் போன் பழுதாகி உங்கள் மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். விரல் பட்ட இடத்தையெல்லாம் சத்தமாகப் படிக்கும். ஒரு தட்டுத் தட்டினால் எதுவும் திறக்காது. அப்படியே வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது என்பதால், திரையில் இருப்பதை எங்களுக்குப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை நிறுத்திவிடுவீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வேலை முடிந்த பிறகு அதைத் திரும்பப் போடாமலே போனைக் கையில் கொடுத்துவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை திருச்சிக்கு வந்தபோது சார்ஜிங் பின் மாற்றுவதற்காக ஒரு கடையில் போனைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. 350 ரூபாய் கொடுத்தேன். "சார்ஜ் ரொம்பக் கம்மியா இருக்கு சார், வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கோங்க" என்று சொல்லி அந்தத் தம்பி போனைக் கையில் வைத்தார். பட்டனை அழுத்தினேன், சத்தம் வரவில்லை. சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

முசிறி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போன் அடித்தது. அப்போதுதான் புரிந்தது, போனில் உயிர் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. கண்ணாடியில் மேலும் கீழும் விரலை இழுத்துப் பார்த்தேன். எடுத்தேனா, துண்டித்தேனா என்பதுகூடத் தெரியவில்லை. மறுபடி அடித்தது, மறுபடி இழுத்தேன். வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் டாக்பேக் வந்துவிடும் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதுவும் வேலை செய்யவில்லை. வேலை பார்க்கும்போது பட்டன் அழுந்தி அழுந்திப் பேச ஆரம்பித்ததால் அந்தக் குறுக்குவழியையும் சேர்த்தே எடுத்துவிட்டார்களாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போனை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். அது இன்னும் மோசமாகப் போனது. அணைத்துப் போட்ட போன் கைரேகையை ஏற்றுக்கொள்ளாது, பின் நம்பர் கேட்கும். பேசாத கண்ணாடியில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று நான் எப்படித் தட்டுவது? கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் போனைக் கொடுத்து, என் பின் நம்பரை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சொன்னேன். என் சம்பளக் கணக்கும் வீட்டின் எல்லா வரவு செலவும் அந்தப் போனுக்குள்தான் இருக்கின்றன. சுற்றி எத்தனை பேர் நின்றார்கள், யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பெற்ற அம்மாவுக்குக்கூட நான் சொல்லாத எண் அது.

அந்தப் பெண் நல்லவர். டாக்பேக் என்றால் என்னவென்றே தெரியாமல் இருபது நிமிடம் தேடித் தேடிப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. மகள் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். அப்பாவுக்கு என்ன ஆனதோ என்று அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்ச் சொன்னேன். "சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு சார், அதான் நிறுத்தினேன்" என்றார் அந்தத் தம்பி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் தம்பி, நீங்கள் நிறுத்தியது சத்தத்தை இல்லை. உங்களுக்கு டிஸ்ப்ளே எப்படியோ எனக்கு அந்தக் குரல் அப்படி. டிஸ்ப்ளேயைக் கழற்றிவிட்டு "சார்ஜிங் பின் மாற்றிவிட்டேன், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று யாரிடமாவது போனைக் கொடுப்பீர்களா?

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். இது பார்வை உள்ளவருக்கு நடந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். பேரன் விளையாடும்போது வால்யூம் பட்டன்களை அழுத்தியதில் அவர் போனில் டாக்பேக் வந்துவிட்டது. பயந்துபோய் உள்ளூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார். "போன் ஹேங் ஆயிடுச்சு, ரீசெட் பண்ணணும்" என்று சொல்லி மொத்தத்தையும் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். இறந்துபோன பெரியப்பாவின் படங்களும், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. அதற்கு 500 ரூபாய் கூலி. மூன்று வீடு தள்ளி நான் இருக்கிறேன். மூன்று விநாடியில் நிறுத்திக் கொடுத்திருப்பேன்.

என் நண்பர் ஒருவருக்கு வேறு மாதிரி. எங்களுக்குத் திரை வெளிச்சம் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவர் படித்துவிடவும் கூடாது. அதற்காகவே டாக்பேக்கில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. அவர் அதைப் போட்டிருந்தார். போன் நன்றாக வேலை செய்யும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். ஸ்பீக்கர் பார்க்கச் சொல்லிக் கொடுத்த இடத்தில் "டிஸ்ப்ளே போயிடுச்சு, 2,500 ஆகும்" என்றார்கள். அவருக்கு விவரம் தெரிந்ததால் தப்பித்தார். தெரியாதவர் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

இதில் கற்றுக்கொள்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடியுங்கள், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் நின்றுவிடும். சிலவற்றில் பவர் பட்டனும் வால்யூம் கூட்டும் பட்டனும். எதுவும் கேட்கவில்லை என்றால் செட்டிங்ஸுக்குள் போங்கள். ஒரு தட்டு தட்டினால் அது என்ன என்று படிக்கும், அடுத்து இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். மேலே கீழே நகர்த்த இரண்டு விரல் வைத்து இழுக்க வேண்டும். அக்சஸிபிலிட்டி, தமிழில் வைத்திருந்தால் அணுகல்தன்மை, அதற்குள் டாக்பேக். ஐபோனில் இதன் பெயர் வாய்ஸ்ஓவர். குறுக்குவழி வைத்திருந்தால் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் நிற்கும், அதே மாதிரி அழுத்தினால் திரும்ப வரும். நிறுத்தத் தெரிந்தவருக்குத் திரும்பப் போடவும் தெரியும். நான் கேட்பது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

2009க்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு உங்களில் வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். நோக்கியா போன் வாங்கி, டாக்ஸ் என்ற மென்பொருளுக்குத் தனியாகக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்வோம். அந்த ஆண்டில்தான் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் வந்தது, ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தது. டாக்பேக் வேலையில் முக்கியப் பங்கு வகித்த, கூகுளில் பணியாற்றிய டி.வி.ராமன், புணேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் பார்வையை முழுதாக இழந்தவர். கடையில் வாங்கும் சாதாரண போனே பேசும் என்ற நிலை அப்படி வந்ததுதான். அதை ஒரு விரலால் நிறுத்திவிட்டு மறந்துபோவதைத்தான் தாங்க முடியவில்லை.

போன் கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இப்படி ஒரு வசதி இருக்கிறது, தெரியாமல் வந்துவிட்டால் இப்படி நிறுத்துங்கள் என்று பெட்டிக்குள் தமிழில் ஒரு சீட்டு வைத்தால் அந்தப் பெரியம்மாவின் படங்கள் தப்பித்திருக்கும். சில வங்கி ஆப்களைத் திறந்தால் பெயரில்லாத பட்டன் என்றே வரிசையாகப் படிக்கிறது, எதை அழுத்தினால் யாருக்குப் பணம் போகும் என்று தெரியாது. அன்றாடம் புழங்கும் மின்னணுப் பொருட்கள் எல்லோருக்கும் பயன்படும் வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்கிறது. டிஜிட்டல் வசதி வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பே சொல்லிவிட்டது. அப்படியும் நான் ஒரு பஸ் ஸ்டாண்டில் நின்று பின் நம்பரைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் வேறு மடல் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். எங்கள் போன் வந்தால், டாக்பேக்கை நிறுத்தலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் குறுக்குவழியை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போட்டு, அது பேசுவதை நாங்கள் காதால் கேட்ட பிறகு காசு வாங்குங்கள். போன் திடீரென்று பேசுகிறது என்று யாராவது பதறிப்போய் வந்தால், ரீசெட் என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள்.

உங்களை நம்பித்தான் நாங்கள் வருகிறோம். ஊர் ஊராக உங்கள் கடை இருப்பதால்தான் எங்கள் போன் ஓடுகிறது. முசிறிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனைக் கொண்டுவந்து நானே செய்து காட்டுகிறேன். அரை மணி நேரம் போதும். தயவுசெய்து, நிறுத்தினால் திரும்பப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர்