எல்நெட் சிக்கலில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினிகளில்) லஸ்டர் என்ற பகிர்வுக் கோப்பு முறைமை இப்போது வேகமான இன்ஃபினிபேண்ட் நெட்வொர்க் வழியாக ஓடுகிறது. மூன்று நாளாகக் கூடவே இருந்தவர்களுக்கு ஃபோனில் நன்றி சொன்னதோடு விட்டுவிட மனம் வரவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் என் பழைய குழுத் தலைவருக்கு. லஸ்டர் மவுண்ட் ஆகிறது (கணினிகளில் இணைகிறது), வேகம்தான் இல்லை என்று நான் சொன்னதும் வட்டுகளைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. "எல்சிடிஎல் லிஸ்ட்_நிட்ஸ் போட்டுப் பாருங்க, என்ன வருது?" என்றீர்கள். சர்வர் எந்த லஸ்டர் முகவரிகளில் இயங்குகிறது என்று காட்டும் கட்டளை அது. எல்லாச் சர்வரிலும் சாதாரண நெட்வொர்க்கின் டிசிபி முகவரி மட்டுமே வந்தது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் லஸ்டரின் நெட்வொர்க் பகுதியான எல்நெட் மாட்யூல் டிசிபியைத்தான் எடுத்துக்கொள்ளும். இன்ஃபினிபேண்ட் அட்டை பக்கத்திலேயே இருந்தாலும் தொடாது. அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் நான் இன்னும் வட்டுகளைத்தான் சோதித்துக்கொண்டிருப்பேன். மாட்யூல் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப் கோப்பில், எந்த நெட்வொர்க் என்று சொல்லும் நெட்வொர்க்ஸ் வரியை எழுதிய பிறகும் எதுவும் மாறாதபோது, மாட்யூல் ஏறும் நேரத்தில்தான் அந்த வரி படிக்கப்படும், இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று பொறுமையாகச் சொன்னதும் நீங்கள்தான்.

அப்புறம், சேமிப்பகப் பிரிவுத் தோழிக்கு. சர்வர்கள் புது முகவரிக்கு மாறிவிட்டன, ஆனால் கட்டமைப்பு விவரங்களை வைத்திருக்கும் எம்ஜிஎஸ் சர்வரின் குறிப்பில் பழைய டிசிபி முகவரிகளே இருந்தன. கிளையண்டுகளுக்கும் அவையே போய்க்கொண்டிருந்தன. ரைட்கான்ஃப் செய்தால்தான் தீரும் என்றதும் எனக்குக் கை நடுங்கியது. அது கட்டமைப்புக் குறிப்புகளைத்தான் புதிதாக எழுதும், தரவைத் தொடாது என்று தைரியம் கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. பூல் (சேமிப்பு இலக்குகளின் குழு) விவரங்களும், கான்ஃப்_பேரம் கட்டளையால் நிரந்தரமாக வைத்த அமைப்புகளும் அதில் அழிந்துவிடும், முன்பே குறித்து வையுங்கள் என்று நிறுத்தினீர்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் நாங்கள் அவற்றைத் திரும்ப அமைத்திருக்கவே முடியாது. கிளையண்டு, எம்டிடி (கோப்புப் பெயர்களும் விவரங்களும் இருக்கும் இடம்), ஓஎஸ்டி (கோப்புத் தரவு இருக்கும் இடம்) எல்லாவற்றையும் இறக்கி, ரைட்கான்ஃப் முடித்து, எம்ஜிஎஸ், எம்டிடி, ஓஎஸ்டி என்ற வரிசையில் ஏற்றும்வரை நள்ளிரவு தாண்டியும் நீங்கள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

நெட்வொர்க் பிரிவு நண்பருக்கு: டிசிபியிலேயே இருக்கும் லாகின் நோடுகள் (பயனர்கள் உள்நுழையும் கணினிகள்) மட்டும் சேரவில்லை. ஃபயர்வாலில் எல்நெட்டுக்கான 988 போர்ட் திறந்துதான் இருந்தது. ஆனால் 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே அந்த விதி அனுமதித்தது; எல்நெட்டோ 1024-க்குக் கீழான போர்ட்டிலிருந்துதான் கூப்பிடும். எந்தப் போர்ட்டிலிருந்து வரும் இணைப்பை எல்நெட் ஏற்கலாம் என்று சொல்லும் அக்செப்ட் அமைப்பைத் தளர்த்தினாலும் இது சரியாகாது என்று விளக்கி, விதியையே திருத்தித் தந்தீர்கள். சரியான இடத்தில் சரிசெய்தது எனக்கு இன்றும் நிம்மதி.

வேலைகளை நிறுத்திவிட்டு, ஒரு கோபச் சொல்கூட இல்லாமல் காத்திருந்த ஆய்வாளர்களுக்கும் என் நன்றி.

இதே சிக்கல் உங்களில் யாருக்காவது வந்தால், நேரம் பார்க்காமல் என்னைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
கிளஸ்டர் நிர்வாகி