உத்தேச விடையை முதலில் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு 'எண்கள்' பாடத்தில் உத்தேச மதிப்பு வருகிறது. பல வகுப்பறைகளில் அதைக் கணக்குப் போட்டு முடித்த பிறகே எழுதுகிறார்கள். 48 × 23 கொடுத்தால், பிள்ளைகள் 1,104 என்று பெருக்கிவிட்டு, அதை 1,100 ஆக்கி 'உத்தேச விடை' என்ற இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். 50 × 20 = 1,000 என்று உண்மையிலேயே உத்தேசித்த பிள்ளையைவிட இது நெருக்கமாக இருப்பதால் திருத்துபவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு 304 × 27 நல்ல உதாரணம். ஏழால் பெருக்கினால் 2,128. இரண்டால் பெருக்கிய 608-ஐ ஓர் இடம் இடப்பக்கம் தள்ளாமல் நேர் கீழே எழுதிக் கூட்டினால் 2,736. பிறகு அதையே முழுதாக்கி 2,700 என்று எழுதினால், தப்பும் உத்தேசமும் அழகாகப் பொருந்திவிடும்! பெருக்கத் தொடங்கும் முன்பே நோட்டின் ஓரத்தில் 300 × 30 = 9,000 என்று எழுதியிருந்தால் 2,736 கண்ணை உறுத்தும். சரியான விடை 8,208.

வகுத்தலிலும் இதே கதைதான். 6,432 ÷ 8 கணக்கில் 64-க்கு எட்டு முறை போட்டு, அடுத்து இறக்கிய 3-ல் 8 போகாதபோது ஈவில் சுழியம் போட மறந்து, 2-ஐயும் இறக்கி 32-க்கு நான்கு போட்டால் 84. சரியான ஈவு 804. 6,400 ÷ 8 = 800 என்று முன்னால் எழுதிய பிள்ளை 84-ஐ விட்டுவைக்காது. இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சரிபார்க்கும் பழைய முறை இங்கே ஏமாற்றும்: 84, 804 இரண்டுக்கும் இலக்கக் கூடுதல் 12, 2,736, 8,208 இரண்டுக்கும் 18. ஆனால் 8,208-க்குப் பதில் 8,218 வந்தால் ஒன்பது பிடித்துவிடும் (27 ஒன்பதால் வகுபடுவதால் விடையும் வகுபட வேண்டும்; இங்கே இலக்கக் கூடுதல் 19), உத்தேசம் கோட்டைவிடும். இரண்டும் வேண்டும்.

அடுத்த சிக்கல், முழுதாக்கும்போது '5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூட்டு' (அதாவது, எண்ணை மேலே தள்ளு) என்ற ஒரே விதியை எல்லாச் செயல்களுக்கும் பூசுவது. 45 × 25-ல் இரண்டையும் மேலே தள்ளினால் 50 × 30 = 1,500; உண்மை 1,125. ஒன்றை மேலே தள்ளி மற்றதைக் குறைத்தால் 50 × 20 = 1,000, அல்லது 40 × 30 = 1,200. வகுத்தலில் இது தலைகீழ். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்த வேண்டும். 3,150 ÷ 45-ஐ 3,000 ÷ 50 ஆக்கினால் 60, 3,200 ÷ 40 ஆக்கினால் 80. இரண்டையும் மேலே தள்ளி 3,500 ÷ 50 என்றால் 70. உண்மையான ஈவும் 70-தான். ஓரிலக்க எண்ணால் வகுக்கும்போது முழுதாக்குவதைவிட வாய்ப்பாட்டைத் தேடுவது மேல். 4,368 ÷ 6-க்கு 4,000 உதவாது. 4,200-க்கு 700, 4,800-க்கு 800. விடை நடுவே, 700-ஐ ஒட்டி இருக்கும் (728).

கழித்தலில் எண்கள் நெருங்கி இருந்தால் சிறிய இடமதிப்புக்கு இறங்க வேண்டும். 8,243 − 7,961-ஐ ஆயிரத்துக்கு முழுதாக்கினால் மிஞ்சுவது சுழியம்! பத்துக்கு முழுதாக்கினால் 8,240 − 7,960 = 280; உண்மை 282.

எதற்காக உத்தேசிக்கிறோம் என்பதும் முக்கியம். 137 பிள்ளைகளை 45 இருக்கைப் பேருந்துகளில் அனுப்ப, 135 ÷ 45 = 3 என்று குத்துமதிப்பாகச் சொன்னால் இரண்டு பேர் தெருவில் நிற்பார்கள். கடையில் கையில் உள்ள பணம் போதுமா என்று பார்க்கும்போது எல்லா விலையையும் மேலே தள்ளித்தான் கூட்ட வேண்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்கள் விடைக்குறிப்பில் ஒரே உத்தேச விடையை வைக்காமல், 45 × 25-க்கு 1,000 முதல் 1,200 வரை என்பதுபோல ஓர் எல்லையைத் தரலாம். இன்னும் நல்லது, '304 × 27 = 2,736 என்பது தவறு; பெருக்காமல் காட்டுக' என்று கேட்பது. 300 × 27 மட்டுமே 8,100 ஆகிவிடுகிறதே என்று ஒரு வரி எழுதினாலே முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்