ஞாயிறு காலை கூந்தன்குளம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு

நண்பர்களே, வணக்கம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக வரும் ஞாயிறு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறோம். காலை 5.15க்கு நாங்குநேரி பேருந்து நிறுத்தத்தில் கூடுவோம். விடியும் முன் கரையில் இருந்தாக வேண்டும். தாமதமாக வருபவர்கள் நேரே குளத்துக்கு வந்துவிடுங்கள்.

முதல் வேலை வரித்தலை வாத்து. இமயத்தைத் தாண்டி வருகிற பறவை. இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுக் காலையில் கூட்டமாகக் குளத்தில் இறங்கும்போது எண்ணுவதுதான் சுலபம். ஒருவர் எண்ணட்டும், ஒருவர் எழுதட்டும். இருவரும் எண்ணினால் கூட்டும்போது இரட்டிப்பாகிவிடும்.

சிறிய வாத்துகள்தான் சோதனை. பெட்டைகள் எல்லாம் ஒரே பழுப்பு. அகன்ற கரண்டி அலகு என்றால் தட்டைவாயன். நீண்ட கழுத்து, கூர்வால் என்றால் ஊசிவால் வாத்து. பிரித்தறிய முடியாதவற்றை 'இனம் தெரியாத வாத்து' என்றே எழுதுங்கள், தயவுசெய்து ஊகிக்க வேண்டாம். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவை நாமக்கோழி. அதை வாத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய கூட்டமென்றால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்திருக்கும் அகலத்தைக் கண்ணால் நகர்த்திக்கொண்டே, பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டால், அவை அமர்ந்தபின் மறுபடி தொடக்கத்திலிருந்துதான்.

பளிச்சென்ற சட்டை வேண்டாம். டிரோன் கூடவே கூடாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது, நாம் போய்ச் சத்தம் போடக் கூடாது. அப்புறம், இரண்டு தொலைநோக்கிகள்தான் இருக்கின்றன. சொந்தமாக வைத்திருப்பவர்கள் சனி மாலைக்குள் இங்கே சொல்லுங்கள்.