ஆனந்தத்துக்கு மதிப்பெண்ணா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள சுப்பிரமணி,

தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை என்ற கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள். இப்போது எனக்கு உன் யோசனை வேண்டும். இங்கு அனைவரும் நலம்.

என் பேத்தியின் பள்ளியில், மிதித்தால் ஒளிரும் விளையாட்டுத் தரை ஒன்றை வாங்கி, பிள்ளைகளின் மணிக்கட்டில் நாடித்துடிப்புப் பட்டை கட்டி, யார் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதை மாதந்தோறும் பெற்றோருக்கு எண்ணாக அனுப்பப் போகிறார்களாம். உயிரியல் வாத்தியாராக இருந்த பாவத்துக்கு, கருத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

ஓடினாலும் பயந்தாலும் மகிழ்ந்தாலும் இதயம் படபடக்கத்தான் செய்யும். காம்ரேட்ஸ் நெடுந்தொலைவு ஓட்டத்தில், பாலி ஷார்ட்ஸ் என்ற செங்குத்தான மேட்டில் உன் இதயம் அடித்ததை ஆனந்தம் என்று யாராவது எழுதியிருந்தால், நீ அவரை அடிக்கப் போயிருப்பாய். வியர்வையை அளக்கலாம் என்றார் ஓர் ஆசிரியர். மனம் கிளர்ந்தால் உள்ளங்கை வியர்ப்பது உண்மைதான். ஆனால் இந்தப் பிப்ரவரிப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே சட்டை நனைகிறதே!

இருந்தாலும் இதை வெறும் பித்தலாட்டம் என்று தள்ளிவிட முடியவில்லை. யானகாகிஸ், ஹாலம், லுண்ட் ஆகிய மூவரும் டென்மார்க்கில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிரும் ஓடுகளில் தோன்றும் பூச்சிகளைப் பிள்ளைகள் மிதித்து விளையாட, இதயத் துடிப்பைப் பதிவு செய்ததோடு, இரண்டு ஆட்டங்களில் எது அதிக வேடிக்கை என்று அவர்களையே கேட்டார்கள். வேடிக்கையில்லாத உடற்பயிற்சி வேலைகள் இரண்டையும் வைத்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். அத்தனை கவனத்துக்குப் பிறகும், துடிப்பைக் கொண்டு கணினி சொன்னது பிள்ளைகள் சொன்னதோடு 64 விழுக்காடுதான் பொருந்தியது. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும். ஆய்வுக்கு அது நல்ல தொடக்கம். ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதத்தக்க எண் அன்று.

என்னை உறுத்துவது வேறொன்று. பரீட்சார்த்தமாகப் பட்டை கட்டிய அன்று, பெரியப்பா மகனின் எண் தன்னுடையதைவிடக் கூடுதல் என்று கண்ட என் பேத்தி, ஆட்டத்தை விட்டுவிட்டு மூலையில் நின்று தோப்புக்கரணம் போட்டு எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆனந்தத்தை அளக்க வந்த பட்டை ஆனந்தத்தையே விரட்டிவிட்டது.

தரையை வாங்குங்கள், பட்டை வேண்டாம், பிள்ளைகளிடம் வாயால் கேளுங்கள் என்று எழுதப் போகிறேன். ஆனால் பள்ளிக் குழுத் தலைவர் நம் ‘கணக்குச் சரிதானே’ கோவிந்தன். எண்ணைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆயுள் முழுதும் கணக்குத் தணிக்கை செய்தவன் நீ, அவருக்கு உறைக்கும்படி எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை கூட்டம்; அதற்குள் எழுது.

அன்புடன்,
கந்தசாமி