நின்றபின் வருவது மாதவிடாய் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பெண்கள் பக்கத்தில் மாதவிடாய் நிற்கும் காலம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். திடீர் வியர்வை, நித்திரையின்மை, எலும்புத் தேய்வு, காரணமில்லாமல் வரும் கோபம் எல்லாம் விளங்கும்படி எழுதப்பட்டிருந்தன. ஆனால் நின்று வருடக்கணக்கான பிறகு திரும்ப இரத்தம் கண்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் நான் ஏழு மாதங்களை வீணாக்கினேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. 52இல் நின்றது. அதன் பிறகு எங்கள் தெரு அம்மன் கோயிலில் நவராத்திரிக்கு மாலை கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. "அக்காவுக்கு இனித் தடை இல்லைதானே" என்று சொல்லித் தந்தார்கள். போன வருடம் நான்காம் பூசைக்கு வெளிக்கிடும்போது பார்த்தேன், வெள்ளை உள்பாவாடையில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் மண்ணிறக் கறை. மூலவியாதியோ என்று யோசித்தேன். அதில்லை. காய்ச்சல் என்று சொல்லி அன்று கோயிலுக்குப் போகாமல் நின்றுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் வருத்தம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தீட்டோடு மூன்று நாள் மாலை கட்டிவிட்டேனே என்றுதான் பதறினேன்.

இரண்டு நாளில் நின்றது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி, சிலருக்கு இப்படித் திரும்பி வரும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார், நானும் நம்பினேன். தைப் பொங்கலுக்கு அடுத்த கிழமை மறுபடி கண்டது. இந்த முறை நாரி நோவும் சேர்ந்திருந்தது.

அரச ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், காட்டப் போனேன். டொக்டர் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற ஊழியர், மகன் வயதுப் பொடியன், தமிழில் சொன்னார். பின்னால் நாற்பது பேர் லைனில். வாய் வரவில்லை. "வயிற்று நோ" என்றேன். பனடோலும் வயிற்றெரிவுக் குளிசையும் தந்து அனுப்பினார்கள். அந்த டொக்டரைக் குறை சொல்லமாட்டேன். நான் மறைத்ததை அவர் எப்படி அறிவார்?

பிறகு காசு கட்டி ஒரு தனியார் டொக்டரிடம் போனேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை, ஸ்கானுக்கு எழுதித் தரவில்லை. "இந்த வயதில் ஹோர்மோன் குழம்பும்" என்று இரத்தத்தை நிறுத்தும் குளிசை தந்தார். நின்றது. ஆறு கிழமை நான் சந்தோசமாக இருந்தேன். அந்த ஆறு கிழமையை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயம் வருகிறது. இரத்தம் நின்றதென்றால் அதன் காரணமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சித்திரையில் மூன்றாம் முறை கண்டது. மருமகளைப் பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவிச்சிப் பிள்ளையிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பாரம் நிறுக்கும் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, கடைசி மாதவிடாய்க்குப் பிறகு ஒரு வருடம் முழுதாக வராமல் இருந்ததா?" ஆறு வருடம் என்றேன். "அப்படியென்றால் இது மாதவிடாய் இல்லை. ஒரு துளி கண்டாலும் சோதிக்க வேண்டும்" என்றார். இந்த மூன்று வசனத்தை எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்திருக்கவில்லை. 45 வயதில், பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில் பப் சோதனை செய்து நல்ல ரிப்போர்ட் வந்ததே என்று வாதாடினேன். அது கருப்பைக் கழுத்தை மட்டும் பார்ப்பது, உட்சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்றார். படித்த பெண் நான், இது கூடத் தெரியாமல் 13 வருடம் அந்த ரிப்போர்ட்டை அலுமாரியில் நம்பிக்கையாக வைத்திருந்தேன்.

பெண்நோயியல் நிபுணரிடம் போனபோது, பிள்ளைப்பேற்று ஸ்கான் மாதிரி என்று நினைத்து இரண்டு போத்தல் தண்ணீர் குடித்திருந்தேன். தாதி சிரித்தபடி சலம் போய்விட்டு வரச் சொன்னார். இது பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கான், சலப்பை வெறுமையாக இருக்கவேண்டும். கருவி பெருவிரல் தடிப்புத்தான். வெட்கமாக இருந்தது, நோகவில்லை. கருப்பையின் உட்சுவர் எவ்வளவு தடிப்பு என்று அதில் அளக்கிறார்கள். எங்கள் வயதில் அது மெலிந்து 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு 13 இருந்தது.

அதனால் பயாப்சி. மெல்லிய குழாயைக் கருப்பைக்குள் விட்டு உட்சுவரில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லை. பழைய மாதவிடாய் வலி திரும்பி வந்த மாதிரி இரண்டு மூன்று நிமிடம் பிடித்து இழுத்தது, முடிந்தது. வெளியில் இருந்த இளம் பெண்ணொருவர் கேட்டார் என்று இதை இப்படி விபரமாகச் சொன்னேன், அவருடைய அம்மாவுக்கு அடுத்த நம்பர். ரிப்போர்ட் வர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் நான் உறங்கவில்லை.

வந்தது புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் அதில்தான் போய் முடியக்கூடிய மாற்றம். உட்சுவரின் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ஒழுங்கும் கெட்டிருந்தன. கருப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதித்தபோது புற்று எங்கும் இருக்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன்.

டொக்டர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன். இப்படி இரத்தம் காணும் பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்றுநோய். மற்றவர்களுக்குக் காரணம் உட்பக்கத்தில் உலர்ந்து மெலிந்த தோல், சிறு சதை வளர்ச்சி, நார்க்கட்டி, சிலருக்கு இரத்தத்தை இளக்கும் குளிசை, மார்புப் புற்றுக்குக் குடிக்கும் டமொக்சிபென் குளிசை. ஆனால் கருப்பைப் புற்று வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு முதல் அறிகுறி இந்த இரத்தம்தான். உடலே முந்திக்கொண்டு வந்து சொல்கிற புற்று இது. கருப்பையைத் தாண்டாத நிலையில் பிடித்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

மூதூரில் இருக்கும் என் மச்சாளுக்கும் இது இருந்ததாம், ஒன்றரை வருடமாக யாருக்கும் சொல்லாமல். என் கதையைக் கேட்டபின் கிண்ணியாப் பாலத்தால் பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு வெறும் வறட்சி. ஒரு கிறீம் தந்தார்கள், சரியாகிவிட்டது. ஒன்றரை வருடம் புற்றென்று நினைத்துத் தனியே அழுதிருக்கிறாள் பாவம்.

சுகாதாரப் பகுதியினரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்த வருத்தம் உடல் பருமன், சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்புக் கூட. எனக்கும் சீனியும் பிரஷரும் இருக்கின்றன. மாதம் தவறாமல் கிளினிக் கொப்பியோடு வாங்கில் காத்திருந்து குளிசை வாங்கும் பெண்களில் பாதிப்பேர் என் வயதுதான். நிறை பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள். "நின்றபிறகு இரத்தம் ஏதும் கண்டதா?" என்று யாரும் கேட்பதில்லை. தமிழ் தெரிந்த பெண் ஊழியர் ஒருவர் திரைக்குப் பின்னால் நின்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குக்கு 35, 45 வயதினரைத்தான் குறிப்பாகக் கூப்பிடுகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் அது தங்களுக்கில்லை என்று இருந்துவிடுகிறோம்.

அதுவரைக்கும் நானே கேட்கிறேன். வாங்கில் பக்கத்தில் இருப்பவரிடம் என் கதையைச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்பேன். சிலர் முகத்தைத் திருப்புவார்கள். போன மாதம் தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்து, என் கையைப் பிடித்து, "எனக்கு வைகாசியிலிருந்து" என்றார். வருகிற திங்கட்கிழமை அவருக்கு ஸ்கான். கூடப் போகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.