கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பூனைகளைக் கைவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுப் பூனைகளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கும் நல்ல வழக்கம் யாழ்ப்பாணத்தில் இப்போது பலரிடம் காணப்படுகிறது. ஆயினும் அவ்வாறு சிகிச்சை பெற்ற பூனைகளிற் சில, அடுத்த சில வாரங்களிலேயே வீட்டைவிட்டு அகற்றப்படுவதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார், சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் தங்கள் கடுவன் கதவு நிலையில் சிறுநீர் பீச்சுகிறது என்று கூறி, அதனைச் சாக்கில் இட்டுக் கொண்டுபோய் மீன் சந்தையடியில் விட்டுவிட்டார்கள். “ஒப்பரேசன் செய்தும் ஒரு பிரயோசனமும் இல்லை” என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அப்போது இரண்டு வாரங்கூட முடிந்திருக்கவில்லை.

கடுவன் பூனை வாலை நிமிர்த்தி, அதன் நுனி நடுங்க, சுவருக்கோ மோட்டார்ச் சைக்கிள் சில்லுக்கோ பின்புறத்தைக் காட்டி நின்று பீச்சுவது, இது தன் எல்லை என்று ஏனைய பூனைகளுக்கு அறிவிப்பதற்காகவேயன்றி வீட்டாரின் மேலுள்ள கோபத்தினால் அன்று. விதை அகற்றப்பட்டதும் அதற்குக் காரணமான ஹோர்மோன் விரைவாகக் குறைந்துவிடும். ஆனால் உடலில் ஏற்பட்ட மாற்றம் பழக்கத்தில் தெரிவதற்குச் சில பூனைகளுக்குப் பல வாரங்கள், சிலவற்றுக்குச் சில மாதங்கள்கூடச் செல்லும். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது கடுவன்களில் பீச்சுதலும், ஊர் சுற்றுவதும், இரவுச் சண்டைகளும் நின்றுபோகும் அல்லது பெரிதும் குறையும். சிறுநீரின் கடுமையான மணமும் தணியும். பல ஆண்டுகள் பீச்சிப் பழகிய பின்னர் சிகிச்சை பெற்ற முதிர்ந்த கடுவன்களில் அப்பழக்கம் ஓரளவு நிலைத்திருக்கக்கூடும். ஐந்தாறு மாத வயதிலேயே சிகிச்சையைச் செய்விப்பது நல்லது என்று கால்நடை வைத்தியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிகிச்சை பெற்ற கடுவனால் அடுத்த சில வாரங்களுக்குப் பெட்டைப் பூனையைச் சினைப்படுத்த முடியும் என்பதால், ஏறத்தாழ ஒரு மாதத்திற்காவது அதனை வெளியே விடாதிருப்பது நல்லது.

நாம்பன் மாட்டை நலமடித்தால் அது சாதுவாகிவிடும் என்பதைப் பரம்பரையாகக் கண்டறிந்த நம்மவர்கள், பூனையும் அவ்வாறே சோர்ந்து எலி பிடிப்பதை விட்டுவிடும் என்று நம்புகிறார்கள். நெல்லு மூட்டை அடுக்கியிருக்கும் வீடுகளில் இந்த அச்சம் ஒன்றே சிகிச்சைக்குத் தடையாக இருப்பதை நான் கேட்டிருக்கிறேன். வேட்டையாடும் இயல்பு பாலியல் ஹோர்மோன்களைச் சார்ந்ததன்று. விளையாட்டும், மடியில் வந்து படுக்கும் பாசமும் அவ்வாறே. உண்மையில், துணை தேடி இரவிரவாக அலைவது நின்றதும் பூனை வீட்டு வளவிலேயே தங்கும். எலியும் அங்கேதான் இருக்கிறது.

மெய்யாகவே மாறுவது உணவு விடயம். சிகிச்சைக்குப் பின் பசி கூடும். உடலின் சக்தித் தேவையோ கால் பங்களவு குறையக்கூடும். வழக்கமான சோற்றோடு, பாவம் என்று ஒரு சூடை மீனைக் கூடுதலாகவும் வைத்துக்கொண்டு போனால், சில மாதங்களில் பூனை பருத்து, மதிலில் ஏறவும் தயங்கும். பின்னர் நீரிழிவும் வரலாம். பூனை மந்தமாகிவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் அதன் கோப்பையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பெட்டைப் பூனையில் மாற்றம் இதனிலும் தெளிவாகத் தெரியும். பகற்பொழுது ஆண்டு முழுவதும் பெரிதாக வேறுபடாத நம் பிரதேசத்தில் பெட்டை எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடும். சினைப்படாவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை அந்த அலறலும் நிலத்தில் உருளுவதும் திரும்பத் திரும்ப நிகழும். சூலகங்கள் அகற்றப்பட்டால் இவை நின்றுவிடும். நின்ற பின் மீண்டும் தொடங்கினால், சூலகத்தின் சிறு பகுதி உள்ளே எஞ்சியிருக்கலாம் என்பதால் வைத்தியரிடம் திரும்பக் காட்ட வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பதிலாக வருடக்கணக்கில் கருத்தடை ஊசி போடுவது முலைக் கட்டிக்கும் கருப்பைத் தொற்றுக்கும் வழிவகுக்கும் என்பதையும் அறிந்திருத்தல் நல்லது.

முதல் இரண்டு நாட்களின் நடத்தையைக் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. மயக்க மருந்தின் தாக்கத்தால் பூனை தள்ளாடும், ஒளித்துக்கொள்ளும், தொட்டாற் சீறும். வைத்தியசாலை மணம் ஒட்டியிருப்பதால் அதே வீட்டில் கூடப் படுத்துறங்கிய பூனைகூட அதனை அந்நியப் பூனையாக எண்ணித் தாக்கலாம். ஓர் அறையில் தனியே வைத்து, மணம் நீங்கிய பின் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் பழையபடி ஒன்றாகிவிடும். நோகிறதே என்று பனடோல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, ஒரு குளிசையே உயிரைப் பறித்துவிடும். கடுவன் அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அது பழக்கக் கோளாறன்று, சிறுநீர்ப்பாதை அடைப்பு. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்து பூனையைக் கையில் தரும்போது, தையலைப் பற்றி மட்டும் கூறி அனுப்பாமல், இவ்விடயங்களைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்குமாறு அரச கால்நடை வைத்தியசாலைகளையும், தனியார் வைத்தியர்களையும், கருத்தடை முகாம்களை நடத்துவோரையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். அத்தாளை எழுதுவதற்கும் அச்சுச் செலவில் பங்கேற்பதற்கும் நான் ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.