மோயாற்றுப் பாறுகளும் மாட்டு ஊசியும்

தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் கால்நடைப் பராமரிப்புத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். காட்டைப் பற்றிய மடல் வனத்துறைக்குத்தானே போக வேண்டும் என்று நினைப்பீர்கள். இது உங்களுக்குத்தான்.

1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் மையக் காட்டை வனத்துறை காக்கிறது. சுற்றியுள்ள ஊர்களும் மாட்டுப் பட்டிகளும்கூடக் காப்பகத்தைச் சேர்ந்தவையே. அந்தப் பட்டிகளுக்குள் ஊசியோடு நுழைகிறவர்கள் உங்கள் ஊழியர்கள்.

மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை. வலிக்கு டைக்ளோஃபெனாக் போடப்பட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறது. கூட்டமாக இறங்கித் தின்னும் பறவை அது. பல பாறுகளைக் கொல்ல ஒரு மாடு போதும்.

தடைகளுக்குக் குறைவில்லை. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-இல் பாறுகளுக்கு ஆபத்தான வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. ஆனாலும், மாடு படுத்துவிட்டால் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் கடைக்கு ஓடுகிறவரை எந்த அரசாணை தடுக்கும்? அவர் மீது எனக்குக் கோபமில்லை. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத வலி மருந்தான மெலாக்சிகாம் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடலூர், குண்டலுப்பேட்டை, சுல்தான் பத்தேரி பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் அது ஒருநாளும் தீரக்கூடாது.

பாறுகளை எண்ண மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் களமிறங்குகின்றன. அதேபோல் எல்லையோர மருந்துக்கடைகளைச் சோதிக்கவும் ஒரு நாள் குறியுங்கள்; மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தில் மட்டும் சோதனை நடந்தால் சரக்கு அடுத்த மாநிலத்துக்கு நகர்ந்துவிடும். பாறோ மூன்று மாநிலங்களின் மாட்டையும் தின்னும்.

இன்னொன்று. புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு இழுத்தடிக்கப்பட்டால், ஆத்திரத்தில் அந்த உடலில் நஞ்சு தடவுவோர் உண்டு; அதைத் தின்னும் பாறும் சாகும். இழப்பீட்டைத் தருவது வனத்துறைதான். ஆனால் மாட்டின் இறப்பை உங்கள் மருத்துவர் அன்றே வந்து பார்த்துச் சான்றளித்தால் கோப்பு விரைந்து நகரும்.

தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலைத் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் அச்சிட்டு, எல்லையோரக் கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒட்டுங்கள். இதற்குப் புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. இந்த மாதமே செய்யலாம்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்ட வாசகர் ஒருவர்